கம்மியில என்ன கம்மி?



நம்ம ஊர்ல 'கம்மி'ன்னா குறைவு. மார்க் கம்மி, அட்டெண்டன்ஸ் கம்மி, மாசக் கடைசியில பர்ஸ்ல பணம் கம்மி... காலேஜ் லைஃப்ல அதிகமா புழங்குற வார்த்தையே அதுதான். இப்போ அதே பேர்ல ஒரு ஐட்டம் ஹாஸ்டல் ஹாஸ்டலா சுத்திக்கிட்டு இருக்கு. கலர் கலரா, கரடி பொம்மை சைஸ்ல, மென்னு தின்னா ஜெல்லி மிட்டாய் மாதிரியே இருக்கிற வைட்டமின் கம்மி. 'முடிக்கு ஒண்ணு, ஸ்கின்னுக்கு ஒண்ணு, எனர்ஜிக்கு ஒண்ணு'ன்னு பாட்டில் பாட்டிலா வருது.

எதிர் டீம்ல நம்ம பழைய நண்பர் கேப்ஸ்யூல். டேஸ்ட் கிடையாது, ஸ்டைல் கிடையாது. தண்ணி ஊத்தி கடகடன்னு முழுங்கணும், அவ்வளவுதான்.

தினமும் ஒண்ணு எடுக்கலாம்னு முடிவு பண்ணியாச்சுன்னா, எதை எடுக்கிறது? இதுதான் இந்த வார மேட்டர். தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் பிரிச்சுப் போட்டுப் பார்ப்போம். இன்ஜினீயரிங் படிக்கிறவன் கையில எது கிடைச்சாலும் முதல்ல அதைத்தானே செய்வோம்!

உள்ளே என்ன சரக்கு?

கம்மியோட பூர்வீகம் மெடிக்கல் ஷாப் இல்ல, மிட்டாய்க் கடை. 1922-ல ஜெர்மனியின் பான் நகரத்தில் ஹான்ஸ் ரீகல் என்பவர் செய்த கரடி மிட்டாய்தான் இந்த வம்சத்துக்கே தாத்தா. இன்னைக்கு கம்மியோட ரெசிபி இதுதான். சீனி, குளுக்கோஸ் பாகு, புளிப்புக்கு சிட்ரிக் ஆசிட், கலர், வாசனை... இதெல்லாத்தையும் கெட்டியாப் பிடிச்சு வைக்க ஜெலட்டின் அல்லது பெக்டின். ஜெலட்டின் மாட்டின் எலும்பு, தோல் மாதிரி விலங்குப் பொருளில் இருந்து வருவது. பெக்டின் ஆப்பிள் சக்கை, எலுமிச்சை வகைப் பழங்களின் தோலில் இருந்து வருவது. இந்தக் கூட்டத்துக்கு நடுவுல கடைசியா ஏறி உட்கார்ந்த பயணிதான் வைட்டமின்.

கேப்ஸ்யூல் டிசைன் ரொம்ப சிம்பிள். காய்ந்த பொடி, அதுக்கு ஒரு கூடு. சீனி தேவையில்ல, வாசனை தேவையில்ல. ஆனா கூடு பெரும்பாலும் அதே ஜெலட்டின்தான். 'நான் சுத்த சைவம்'னு சொல்றவங்க ரெண்டு பக்கமும் லேபிளைப் பார்க்கணும். உணவு சப்ளிமெண்டாக விற்கும் பாட்டிலில் பச்சை வட்டம் இருந்தா சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தா அசைவம்.

இதுல இருக்கிற ஒரு கெமிஸ்ட்ரி மேட்டர் முக்கியம். வைட்டமினுக்கு ஈரம், சூடு, காத்து மூணும் எதிரி. காய்ந்த பொடியை விட ஈரப்பசையுள்ள ஜெல்லிக்குள்ள வைட்டமின் சி, ஃபோலிக் ஆசிட் போன்றவை சீக்கிரம் சிதையும். அதனால எக்ஸ்பயரி தேதி வரைக்கும் லேபிள்ல போட்ட அளவு தாங்கணும்னு கம்பெனிகள் தயாரிக்கும்போதே கொஞ்சம் கூடுதலாப் போடுறது வழக்கம். அப்போ, புதுசா வாங்கின பாட்டில்ல லேபிளை விட ஜாஸ்தி இருக்கலாம். ஏப்ரல் மாச வெயில்ல ஹாஸ்டல் ஜன்னலோரம் வெச்சு, எல்லாக் கரடியும் ஒட்டி ஒரே உருண்டையாப் போன பாட்டில்ல கம்மியா இருக்கலாம். ஒரு கம்மியில எவ்வளவு இருக்குன்னு கரெக்டா சொல்ல கம்பெனியே கஷ்டப்படும்.

சும்மா அடிச்சு விடல பாஸ். 2023-ல அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழில் ஒரு ஆய்வு வந்தது. தூக்கத்துக்காக விற்கும் மெலடோனின் கம்மிகளை 25 பிராண்டுகளில் வாங்கி லேப்ல அளந்தாங்க. 22-ல லேபிளும் சரக்கும் ஒத்துப் போகல. ஒண்ணுல மெலடோனினே இல்ல. இன்னொண்ணுல லேபிள்ல சொன்னதைப் போல 347 சதவீதம்! மெலடோனின் வைட்டமின் இல்ல, ஹார்மோன். ஆனாலும் 'மிட்டாய்க்குள்ள மருந்தை அளந்து வைக்கிறது எவ்வளவு கஷ்டம்'ங்கிறதுக்கு இதை விட நல்ல சாம்பிள் கிடைக்காது.

நம்ம ஊர் கதை, கப்பல் கதை

நான் எழுதுறது புளியங்குடியில இருந்து. சங்கரன்கோவில் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். 'எலுமிச்சை நகரம்'னே பேரு. மார்க்கெட் பக்கம் போனா மூட்டை மூட்டையா எலுமிச்சை. இங்கிருந்து கேரளாவுக்கு லாரி ஏறும். அப்படிப்பட்ட ஊர்ல 'லெமன் ஃப்ளேவர் வைட்டமின் சி கம்மி'யைக் காசு கொடுத்து வாங்குறதைப் பார்த்தா, திருநெல்வேலிக்காரன் வெளியூர்ல அல்வா வாங்கின கதைதான் ஞாபகம் வருது.

ஆனா ஊர்ப்பாசத்துல பொய் சொல்லக் கூடாதுல்ல? எலுமிச்சையோட உண்மையான கணக்கையும் பார்த்துடுவோம். அதுக்குக் கொஞ்சம் கப்பல் ஏறணும்.

1747. பிரிட்டிஷ் கடற்படையின் 'சாலிஸ்பரி' கப்பல். மாசக்கணக்கா கடல்ல இருக்கும் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, ரத்தம் கசிஞ்சு, உடம்பு உருக்குலைஞ்சு போற ஸ்கர்வி நோய். கப்பல் டாக்டர் ஜேம்ஸ் லிண்ட், 12 நோயாளிகளை ரெண்டு ரெண்டு பேரா ஆறு குரூப்பா பிரிச்சார். ஒரு குரூப்புக்கு வினிகர், ஒரு குரூப்புக்குக் கடல் தண்ணி, இப்படி ஆளுக்கொரு வைத்தியம். தினமும் ரெண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை கிடைச்ச குரூப்தான் சட்டுனு தேறுச்சு. ஆறே நாள்ல அதுல ஒருத்தர் வேலைக்கே திரும்பிட்டார். மருத்துவத்தில் முறையா ஒப்பிட்டுப் பார்த்த முதல் சோதனைகளில் ஒண்ணா இதை இன்னைக்கும் சொல்றாங்க. 1795-ல இருந்து மாலுமிகளுக்கு எலுமிச்சை சாறு கொடுக்க கடற்படை உத்தரவு போட்டது.

இதுக்கு அப்புறம்தான் ட்விஸ்ட். 1860-கள்ல, பெரிய மஞ்சள் எலுமிச்சைக்குப் பதிலா மேற்கிந்தியத் தீவுகள்ல விளையுற சின்ன எலுமிச்சைக்கு மாறினாங்க. அதாவது நம்ம புளியங்குடி எலுமிச்சையோட சொந்தக்கார வகை. புளிப்புல குறைச்சல் இல்ல, ஆனா வைட்டமின் சி குறைவு. போதாததுக்கு சாறைக் காத்து படற மாதிரி சேமிச்சு, செம்புக் குழாய் வழியா விட்டதுல இருந்ததும் போச்சு. 1875-ல வட துருவத்துக்குக் கிளம்பின பிரிட்டிஷ் குழு பீப்பாய் பீப்பாயா சாறு ஏத்திட்டுப் போயும் ஸ்கர்வி வந்து பாதியில திரும்புச்சு. பீப்பாய்ல பேர் இருந்தது. உள்ளே விஷயம் இல்ல!

கம்மியோ கேப்ஸ்யூலோ, வாங்கும்போது இந்தப் பீப்பாயை நினைச்சுக்கோங்க. வடிவம் ரெண்டாம் பட்சம். உள்ளே எவ்வளவு இருக்கு, எனக்கு எவ்வளவு தேவை... இந்த ரெண்டு நம்பரும்தான் முதல் கேள்வி.

ஒரு கொய்யா போதும் பாஸ்!

ஐ.சி.எம்.ஆர். 2020-ல வெளியிட்ட கணக்குப்படி ஒரு நாளைக்கு வைட்டமின் சி தேவை ஆண்களுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65. ஒரு எலுமிச்சையைப் பிழிஞ்சா இந்த அளவு வராது. ஆனா 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. பஸ் ஸ்டாண்டுல உப்பு, மிளகாப்பொடி தூவிக் கொடுக்கிற ஒரே ஒரு கொய்யா, அன்னைக்குக் கோட்டாவை முடிச்சுட்டு மிச்சமும் வைக்கும். மிச்சம் என்ன ஆகும்? வைட்டமின் சி தண்ணியில கரையுற டைப். உடம்பு தேவையானதை எடுத்துக்கிட்டு மீதியை பாத்ரூம் வழியா அனுப்பிடும். பி காம்ப்ளக்ஸ் போட்ட அன்னைக்கு சிறுநீர் பளிச்னு மஞ்சளாப் போகுதே, அது பி2-வான ரிபோஃப்ளேவின் வெளியே போற கலர்.

இது எல்லா வைட்டமினுக்கும் பொருந்தாது. ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்பில் கரையுறவை. மீதியை வெளியே அனுப்பாம உடம்பு சேர்த்து வைக்கும். இங்கதான் கேப்ஸ்யூல் டீமோட வண்டவாளம். வைட்டமின் டி குறைவுன்னு டாக்டர் எழுதிக் கொடுக்கிற 60,000 யூனிட் கேப்ஸ்யூல் பெரும்பாலும் வாரத்துக்கு ஒண்ணு, அதுவும் சில வாரத்துக்கு மட்டும். தினசரித் தேவை 600 யூனிட். வகுத்துப் பாருங்க. ஒரே கேப்ஸ்யூல், 100 நாள் சரக்கு! ஃப்ரெண்டோட சீட்டைக் காட்டி வாங்கி தினமும் ஒண்ணு போட்டா, ரத்தத்துல கால்சியம் ஏறி சிறுநீரகம் வரைக்கும் அடி வாங்கும். கேப்ஸ்யூல் மென்னு தின்ன முடியாதுங்கிறதால மட்டும் அது சாது ஆகிடாது.

பெரிய 'கம்மி' இதுதான்

லேடீஸ் ஹாஸ்டல்ல இந்த டயலாக் புதுசில்ல.

"ஏட்டி, முடி கொத்துக் கொத்தா கொட்டுதுட்டி. மாடி ஏறினா மூச்சு வாங்குது."

"ஹேர் கம்மி வாங்கித் தின்னு பாரேன். என் ரூம்மேட் தின்னுட்டு இருக்கா."

இங்கதான் நிஜமான ஆபத்து. சோர்வு, மூச்சு வாங்கல், முடி உதிர்வு மூணும் சேர்ந்து வந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இரும்புச்சத்து குறைவை. 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள். உங்க கிளாஸ்ல ரெண்டு பெஞ்ச் கேர்ள்ஸை எண்ணிப் பாருங்க. அதுல ஒரு பெஞ்ச்!

பெரும்பாலான கம்மிகள்ல இரும்புச்சத்தே கிடையாது. முதல் காரணம் டேஸ்ட்: இரும்பு சேர்த்தா துருப்பிடிச்ச ஆணியை நக்கின மாதிரி இருக்கும். ரெண்டாவது காரணம் பாதுகாப்பு: மிட்டாய்னு நினைச்சுக் குழந்தைங்க அள்ளித் தின்னா இரும்புச்சத்து உயிரையே எடுக்கும். முடிக்குன்னு விற்கிற கம்மிகள்ல இருக்கிறது பெரும்பாலும் பயோட்டின். சாதாரணமா சாப்பிடுறவங்களுக்கு பயோட்டின் குறைபாடு வர்றது அபூர்வம். அது அதிக அளவுல உடம்புல இருந்தா தைராய்டு, இதயம் சம்பந்தமான சில ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டே தப்பா வரலாம்னு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2017-ல எச்சரிச்சிருக்கு.

ஆக, இரும்பு குறைஞ்ச பொண்ணு மூணு மாசம் இரும்பே இல்லாத மிட்டாயைத் தின்னுட்டுக் காத்திருக்கா. காசு போனது சின்ன நஷ்டம். அந்த மூணு மாசம் ரத்தசோகை கூடிக்கிட்டே போனது பெரிய நஷ்டம். 'ஏதோ வைட்டமின் எடுக்கிறோமே'ங்கிற நிம்மதியிலேயே டெஸ்ட் எடுக்கத் தோணாது பாருங்க, அதுதான் கம்மியோட மிகப் பெரிய கம்மி.

ஹீமோகுளோபின் டெஸ்ட் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனா ரத்தசோகை. ஸ்கூல்ல வாரம் ஒரு நாள் கொடுத்த நீலக் கலர் மாத்திரை ஞாபகம் இருக்கா? 2013-ல நாடு முழுக்கத் தொடங்கின திட்டம் அது. இப்போ அதுல இருக்கிறது 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். பேர் இல்ல, விளம்பரம் இல்ல, கரடி பொம்மை இல்ல. ஆனா வேலை செய்யுற சரக்கு!

மிட்டாய் இல்ல, மருந்து

வேலை செய்யுற சரக்குன்னா, அளவு மீறினா ஆளையும் சாய்க்கும். 2023 மார்ச் மாதம் ஊட்டியில், யார் அதிகம் சாப்பிடுறதுன்னு பள்ளிப் பிள்ளைகள் போட்டி போட்டு சத்து மாத்திரையை விழுங்கினாங்க. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இறந்தே போனாள். விளையாட்டுதான். மாத்திரையும் நல்ல மாத்திரைதான். அளவு மட்டும்தான் தப்பு.

கசப்பா, வெறும் மாத்திரையா இருந்ததுக்கே இப்படி. மிட்டாய் மாதிரியே டேஸ்ட் பண்ற பாட்டிலை ஃப்ரிட்ஜ் மேல வெச்சுட்டு நாம காலேஜுக்குப் போறோம். வீட்ல நாலு வயசு தம்பி, அக்கா பிள்ளைங்க இருக்காங்க. கம்மி வாங்கியே தீரணும்னா, பூட்டுற அலமாரியில வைங்க. பிள்ளைங்க முன்னாடி 'சாக்லேட்'னு சொல்லித் தின்னாதீங்க.

கம்மி கட்சிக்கும் மைக் கொடுப்போம்

ஒரே அளவு வைட்டமின் இருந்தா, கம்மியில இருந்தும் உடம்பு ஒழுங்கா உறிஞ்சும். அதுல குறை சொல்ல முடியாது. மாத்திரையைப் பார்த்தாலே குமட்டுறவங்க, விழுங்கக் கஷ்டப்படுற வயசானவங்க, இவங்களுக்கு அது நிஜமான உதவி. அலமாரியில தூங்குற கேப்ஸ்யூலை விட, தினமும் வாய்க்குள்ள போற கம்மி மேல்தான்.

ஆனா முழுங்கத் தெரியாதது மட்டும்தான் பிரச்னைன்னா, அதுக்கு ஃபிசிக்ஸ்ல தீர்வு இருக்கு. கேப்ஸ்யூல் தண்ணியை விட லேசு, மிதக்கும். நாம என்ன பண்றோம்? தலையை அண்ணாந்து முழுங்குறோம். கேப்ஸ்யூல் மிதந்து முன்பக்கம் பல்லுக்கிட்ட வந்துடும், தொண்டைக்குப் போகாது. கேப்ஸ்யூலை நாக்கு மேல வைங்க, ஒரு மடக்கு தண்ணி எடுங்க, தலையை முன்பக்கம் குனிஞ்சு, தாடை நெஞ்சைப் பார்க்கிற மாதிரி வெச்சு முழுங்குங்க. மிதக்கிற கேப்ஸ்யூல் தானா தொண்டைப் பக்கம் போயிடும். 2014-ல ஜெர்மனியின் ஹைடெல்பர்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 151 பேரை வெச்சுப் பார்த்ததுல, இந்தக் குனியுற டெக்னிக் 88 சதவீதத்துக்கும் மேல கேப்ஸ்யூல் முழுங்குறதை ஈஸியாக்குச்சு. செலவு: ஒரு டம்ளர் தண்ணி!

வாங்குறதுக்கு முன்னாடி லேபிளைத் திருப்புங்க

*ஒரு வேளைக்கு எத்தனை?* பாட்டில்ல 60 கம்மி. ஆனா 'சர்விங்' ரெண்டுன்னு பொடி எழுத்துல இருக்கும். அப்போ அது ஒரு மாசச் சரக்கு, ரெண்டு மாசத்துக்கு இல்ல. விலையைப் பாட்டிலால வகுக்காதீங்க, நாளால வகுங்க.

*சீனி எவ்வளவு?* ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம் சகஜம். டீயில போடுறதை விடக் கம்மிதான். ஆனா டீ தொண்டையோட போயிடும். இது பல் இடுக்குல ஒட்டிக்கிட்டு உட்காரும், கூடவே சிட்ரிக் ஆசிட் வேற. தின்னா வாய் கொப்பளிங்க.

*இரும்பு, பி12 இருக்கா?* பால், முட்டை, மீன் எதுவும் சேர்க்காதவங்களுக்கு பி12 நிஜமாவே தேவைப்படலாம். எது குறைவுன்னு டெஸ்ட் சொல்லட்டும், அதை மட்டும் வாங்குங்க.

*மருந்தா, உணவா?* நம்ம நாட்டு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி ஹெல்த் சப்ளிமெண்ட் பாட்டில்ல 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்'னு எழுதியிருக்கணும். அதாவது, 'இது மருந்தில்ல'ன்னு கம்பெனியே கையெழுத்துப் போட்டுக் கொடுக்குது. நாமதான் படிக்கிறதில்ல.

அப்போ தீர்ப்பு?

தேவைன்னு தெரிஞ்சு எடுக்கிறவங்களுக்கு கேப்ஸ்யூல் அல்லது மாத்திரை. அளவு கரெக்ட்டா இருக்கும், சீனி இல்ல, இரும்பும் கிடைக்கும். முழுங்கவே முடியாதவங்களுக்கு கம்மி, லேபிள் பார்த்து, எண்ணி. தேவையே இல்லாதவங்களுக்கு ரெண்டும் வேண்டாம், கொய்யா வாங்குங்க.

எலுமிச்சையை மட்டும் கைவிட்டுட்டேன்னு ஊர்க்காரங்க கோவிச்சுக்கப் போறாங்க. அதுக்கும் ஒரு வேலை இருக்கு. கீரை, பயறுல இருக்கிற இரும்பை உடம்பு லேசுல உறிஞ்சாது. கூட வைட்டமின் சி சேர்ந்தா நல்லாவே உறிஞ்சும். சுண்டல் மேல அரை எலுமிச்சை பிழிஞ்சா, அது தனியா ஜெயிக்கிற பேட்ஸ்மேன் இல்லைன்னாலும் எதிர் முனையில நின்னு இரும்பை ரன் எடுக்க வைக்கும். பிழியுறது அடுப்பை அணைச்ச பிறகு. "கொதிக்கையில புழிஞ்சா கசந்துரும்லா"ன்னு ஆச்சிகள் சொல்ற அதே ரூல்தான். வைட்டமின் சி-யும் சூட்டுல சிதையாம தப்பிக்கும். சாப்பிட்ட கையோட டீ மட்டும் வேண்டாம், ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. டீயில இருக்கிற டானின் இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும்.

சரி, உங்க ரூம்ல இப்போ ஒரு பாட்டில் இருக்குன்னா, இந்தப் பக்கத்தை மூடிட்டு அதைத் திருப்பி 'இரும்பு'ன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, நாளைக்கு முதல் ஹவர் ஃப்ரீயா இருந்தா கேன்டீனுக்குப் போகாம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை. ரூம்மேட்டையும் கூட்டிட்டுப் போங்க. விரல்ல ஒரு குத்து, ஒரு நம்பர் கையில வரும். அந்த நம்பர் கம்மியா இருந்தா டாக்டரைப் பாருங்க, கம்மியை இல்ல!

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே!